நிரல் எழுதத் தெரியாதவர்கள் கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிப்பது எப்படி? லிப்ரே ஆபீஸை வைத்து ஒரு வழிகாட்டி

சிறிய டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பள்ளி வினாத்தாள், குடமுழுக்கு மலர் என்று வருவதைத் தட்டச்சு செய்து பக்கம் கட்டிக் கொடுப்பது தொழில். நிரல் எழுத ஒரு வரிகூடத் தெரியாது. ஆனால் நான் வேலை செய்வது முழுக்கக் கட்டற்ற மென்பொருள்களில்தான், அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை உள்ளவற்றில். அவற்றில் தமிழ் எங்காவது பிசகினால் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் வருடக்கணக்கில் சும்மா இருந்தேன்.

பிறகு ஒருநாள் துணிந்து ஒரு மென்பொருள் திட்டத்துக்கு எழுதினேன். "தமிழ் சரியாக வரவில்லை, சரிசெய்து கொடுங்கள்" என்பதுதான் மொத்தக் கடிதமும். அவர்கள் இரண்டு கேள்வி கேட்டார்கள். எனக்குப் புரியவில்லை, பதில் எழுதவில்லை. சில மாதங்களில் 'போதிய தகவல் இல்லை' என்று மூடிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. முறையாக ஓர் அறிக்கை எழுதக் கற்றுக்கொள்ள எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. உங்களுக்கு ஒரு வார இறுதி போதும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். உங்கள் கணினியில் நடக்கும் பிசகை, உங்களை முன்பின் பார்த்திராத, தமிழே தெரியாத ஒருவர் தன் கணினியில் நடக்கவைத்துப் பார்க்க வேண்டும். அது முடிந்தால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை அதற்குத்தான்.

1. ஒரே ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்

தினமும் பயன்படுத்துவதை எடுங்கள். புகழ்பெற்றது, பெயர் வாங்கித் தரும் என்று பழக்கமில்லாத ஒன்றில் இறங்காதீர்கள். அதில் எது பிசகு, எது இயல்பு என்றே உங்களுக்குத் தெரியாது.

நான் இங்கே லிப்ரே ஆபீஸை எடுத்துக்கொள்கிறேன். கடிதம் எழுதும் ரைட்டர், கணக்குப் போடும் கால்க் என்று பலருக்கும் அறிமுகமானது. அதை நடத்துவது ஜெர்மனியில் பதிவுபெற்ற 'தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்' என்ற அறக்கட்டளை. பிசகுகளைப் பதிய 'பக்ஜில்லா' என்ற பொதுத்தளம் வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்புக்கு 'வெப்லேட்' என்ற தளம். இரண்டும் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ், வேர்ட்பிரஸ், குனோம் போன்றவற்றில் தளங்களின் பெயர்கள் மாறும், முறை ஏறக்குறைய இதேதான்.

பிசகை இந்த வட்டாரத்தில் 'வழு' என்பார்கள். இனி நானும் அப்படியே சொல்கிறேன்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஆதார், கல்விச் சான்றிதழ், பரிந்துரைக் கடிதம் எதுவும் தேவையில்லை. யாராவது கேட்டால் நீங்கள் தவறான இடத்தில் நிற்கிறீர்கள். தேவைப்படுபவை இவை:

- ஒரு தனி மின்னஞ்சல் முகவரி. வழு பதியும் தளங்களில் கணக்கு வைத்திருப்பவர்கள் கண்ணில் உங்கள் முகவரி படக்கூடும். வங்கிக்கும் வருமான வரிக்கும் கொடுத்த முகவரியை இங்கே கொடுக்காதீர்கள்.
- மென்பொருளின் பதிப்பு விவரம். லிப்ரே ஆபீஸில் 'ஹெல்ப்' மெனுவில் 'அபவுட் லிப்ரே ஆபீஸ்' என்பதைத் திறந்தால் பதிப்பு எண், இயங்குதளம், மொழி அமைப்பு எல்லாம் ஒன்றாக இருக்கும். பக்கத்திலேயே நகலெடுக்கும் பொத்தான் உண்டு. கையால் தட்டச்சு செய்யாமல் அதை அழுத்தி முழுவதையும் நகலெடுங்கள்.
- வழுவைக் காட்டும் ஒரு சிறு கோப்பு. 80 பக்க மலரை அனுப்பாதீர்கள். ஒரே பக்கம், முடிந்தால் ஒரே வரி.
- திரையைப் படம்பிடித்த ஒன்றிரண்டு படங்கள் (ஸ்கிரீன்ஷாட்).

எழுத்துரு எது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ் வழுக்களில் முதல் கேள்வி எப்போதும் அதுவாகத்தான் இருக்கும்.

3. வழு மென்பொருளுடையதுதானா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான் நம்மவர்களின் பல அறிக்கைகள் வீணாகின்றன. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் யூனிகோடா (ஒவ்வோர் எழுத்துக்கும் உலகப் பொதுவான எண் தரும் முறை), பழைய எழுத்துருவா என்று பாருங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். ஆகவே சொற்பிழை திருத்தி வேலை செய்யாது, அகரவரிசைப்படுத்தினால் தாறுமாறாகும், வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் கிறுக்கலாகும். இது எதுவும் வழு இல்லை. சந்தேகமாக இருந்தால் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து 'நோட்டோ சான்ஸ் தமிழ்' அல்லது 'லோஹித் தமிழ்' எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள். ஆங்கிலக் குப்பையாக மாறினால் அது பழைய குறியாக்கம். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, பிறகும் சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, தட்டச்சுப் பிழை. தேடினால் சொல் கிடைக்கவில்லை என்று நான் ஒரு முறை முழு அறிக்கையே எழுதி வைத்திருந்தேன். நல்லவேளையாக அனுப்பவில்லை. தமிழில் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்து உள்ளே வேறாக இருக்கும் எழுத்துகள் உண்டு. 'கொ' என்பதில் கொம்பும் காலும் சேர்ந்து யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் இருக்கலாம். இரண்டும் சரியான வடிவங்கள்தாம், ஆனால் தேடலில் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகலாம். 'கௌ' என்பதற்கு ஔகாரக் குறியைப் போடாமல் ஒற்றைக் கொம்பும் 'ள' எழுத்தும் போட்டு எழுதுபவர்கள் ஏராளம். அது தவறு, கணினி அதை வேறு சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். துணைக்காலுக்குப் பதில் 'ர' போடுவதும் அப்படித்தான். 'ஸ்ரீ' எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். பழைய கோப்பும் புதிய கோப்பும் கலந்த கோயில் மலர்களில் இது என்னைப் படாதபாடு படுத்தியிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ரைட்டரிலேயே இருக்கிறது. எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து அதன் யூனிகோடு எண்ணாக மாறும். மறுபடி அழுத்தினால் எழுத்தாகத் திரும்பும். சந்தேகமான இரண்டு சொற்களிலும் இப்படிப் பார்த்து எண்களை ஒப்பிடுங்கள். இதற்குத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம்.

மூன்றாவது, எழுத்துருவின் குறையா என்று சோதியுங்கள். கொம்பு தள்ளி நிற்கிறது, புள்ளி எழுத்தின் மேல் சரியாக உட்காரவில்லை என்றால் அதே வரியை இரண்டு மூன்று எழுத்துருக்களில் வைத்துப் பாருங்கள். ஒரே ஓர் எழுத்துருவில் மட்டும் வந்தால் அந்த எழுத்துருவைச் செய்தவர்களிடம்தான் சொல்ல வேண்டும். நோட்டோ எழுத்துருக்களுக்கு கிட்ஹப் தளத்தில் தனி இடம் இருக்கிறது. எல்லா எழுத்துருவிலும் வருகிறதென்றால், அதே வரியை ஃபயர்ஃபாக்ஸ் போன்ற வேறொரு மென்பொருளிலும் பாருங்கள். லிப்ரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டுமே எழுத்துகளைக் கோத்து வடிவமைக்க 'ஹார்ஃப்பஸ்' என்ற பொதுவான நிரல் தொகுப்பைப் பயன்படுத்துகின்றன. இரண்டிலும் ஒரே பிசகு என்றால் அதையும் அறிக்கையில் எழுதுங்கள். படிப்பவருக்கு அது பெரிய துப்பு.

நான்காவது, 'ஹெல்ப்' மெனுவில் சேஃப் மோடில் மறுபடி தொடங்கும் வசதி இருக்கிறது. உங்கள் சொந்த அமைப்புகளையும் நீட்சிகளையும் ஒதுக்கிவிட்டு மென்பொருள் திறக்கும். அங்கே வழு மறைந்துவிட்டால் சிக்கல் உங்கள் அமைப்புகளில்தான்.

கடைசியாக, புதிய பதிப்பில் சோதியுங்கள். லினக்ஸ் வழங்கல்களோடு வரும் லிப்ரே ஆபீஸ் பெரும்பாலும் பழையதாக இருக்கும். பழைய பதிப்பை வைத்து எழுதினால் முதல் பதில் "புதியதில் பார்த்துச் சொல்லுங்கள்" என்பதாகவே வரும். அதில் உங்களுக்குச் சில வாரங்கள் போய்விடும். 2024 ஜனவரி இறுதியில் வந்த 24.2 முதல் பதிப்பு எண்ணே வருடத்தையும் மாதத்தையும் காட்டுகிறது. ஆகவே உங்களிடம் இருப்பது எவ்வளவு பழையது என்று பார்த்தவுடனே தெரியும். விண்டோஸுக்கான கோப்பு ஏறக்குறைய 350 எம்பி. வேலைக்கான பதிப்பைக் கலைக்க அச்சமாக இருந்தால், சோதனைக்கென்று தினமும் உருவாக்கப்படும் பதிப்பை இறக்குங்கள். அது 'லிப்ரே ஆபீஸ் டெவ்' என்ற பெயரில் தனியாக நிறுவப்படும், பழையதைத் தொடாது. லினக்ஸில் ஆப்இமேஜ் வடிவம் இருக்கிறது, நிறுவாமலே ஓடும். ஒரே எச்சரிக்கை: சோதனைப் பதிப்பில் வாடிக்கையாளர் வேலையைச் செய்யாதீர்கள்.

4. யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா?

பக்ஜில்லாவின் தேடல் பெட்டியில் 'தமிழ்' என்பதை ஆங்கிலத்தில் அடித்து, கூடவே வழு வரும் இடத்தையும் அடியுங்கள். தமிழின் பெயரை மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். இந்தி, மலையாளம், கன்னடம் பெயர்களையும் போட்டுப் பாருங்கள். கூட்டெழுத்துச் சிக்கல்கள் பல இந்திய மொழிகளுக்குப் பொதுவாக இருக்கும். ஒரு மலையாளி எழுதிய அறிக்கையில் உங்கள் சிக்கலே வேறு எழுத்தில் கிடக்கலாம்.

கிடைத்தால் புதிதாக எழுத வேண்டாம். அதன் கீழேயே உங்கள் பதிப்பு விவரத்தையும் சிறு கோப்பையும் சேருங்கள். "எனக்கும் இப்படித்தான்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. அந்த அறிக்கையைப் பின்தொடரும் அத்தனை பேருக்கும் ஒரு வெற்று மின்னஞ்சல் போகும், அவ்வளவுதான்.

தேடியும் கிடைக்காமல் எழுதி, பிறகு 'டூப்ளிகேட்' என்று மூடப்பட்டாலும் வருத்தப்படாதீர்கள். இரண்டு அறிக்கைகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படும். நீங்கள் கொடுத்த கோப்பு அங்கேயும் உதவும்.

5. அறிக்கையை எழுதுதல்

ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் பின்வாங்குகிறார்கள். தயங்காதீர்கள். அங்கே இருப்பவர்களில் மிகப் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. நீளமான அழகிய வாக்கியத்தைவிட எண் போட்ட துண்டு வாக்கியங்களையே அவர்கள் விரும்புவார்கள். முதலில் தமிழில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்:

தலைப்பு: பத்தியில் தமிழை இருபுறமும் சமன்செய்தால் வரியின் கடைசி எழுத்தின் புள்ளி மறைகிறது.

செய்தவை:
1. இணைத்துள்ள கோப்பைத் திறக்கவும்.
2. முதல் பத்தியில் கர்சரை வைக்கவும்.
3. இருபுறச் சமன் பொத்தானை அழுத்தவும்.

நடந்தது: மூன்றாம் வரியின் கடைசி எழுத்தில் புள்ளி தெரியவில்லை.
நடந்திருக்க வேண்டியது: புள்ளி தெரிய வேண்டும்.
எத்தனை முறை: ஒவ்வொரு முறையும்.

இது நான் கற்பனையாக எழுதிய மாதிரி. இதில் கவனிக்க வேண்டியது வடிவம். 'நடந்தது', 'நடந்திருக்க வேண்டியது' என்ற இரண்டையும் பிரித்து எழுதுங்கள். நமக்குத் தவறு பளிச்சென்று தெரியும். தமிழ் எழுத்தையே படிக்கத் தெரியாதவருக்கு எது சரி, எது தவறு என்று எப்படித் தெரியும்? அதனால் இரண்டு படங்கள் வையுங்கள், தவறாக வந்தது ஒன்று, சரியான வடிவம் ஒன்று. தவறான இடத்தைச் சிவப்பு வட்டத்தால் சுற்றுங்கள். எழுத்தின் யூனிகோடு எண்ணையும் எழுதுங்கள். என் அறிக்கைகளுக்குப் பதில் வரத் தொடங்கியதே இந்தச் சிவப்பு வட்டம் போட ஆரம்பித்த பிறகுதான்.

தலைப்பில் 'அவசரம்', 'தயவுசெய்து' வேண்டாம். 'தமிழ் வேலை செய்யவில்லை' என்பதும் வேண்டாம். எந்த இடத்தில், எதைச் செய்யும்போது, என்ன ஆகிறது என்ற மூன்றும் தலைப்பிலேயே இருக்கட்டும். ஓர் அறிக்கையில் ஒரு வழு மட்டும். ஆதங்கத்தில் ஐந்தாறு குறைகளைச் சேர்த்து எழுதினால் ஒன்றுகூட நகராது.

படிவத்தில் முன்னுரிமையைக் குறிக்கும் கட்டங்கள் இருக்கும். அவற்றைத் தொடாதீர்கள். நம் வழு நமக்குப் பெரியது, ஆனால் அதை எடைபோட அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். புதிய வசதி கேட்பதாக இருந்தால் மட்டும் 'என்ஹான்ஸ்மென்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அனுப்பிய பிறகு திருத்த முடியாது என்று நினைத்தே எழுதுங்கள். ஒரு முறை படித்துவிட்டு, ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து இன்னொரு முறை படித்து அனுப்புங்கள். ஆங்கிலத்தில் தடுமாற்றம் என்றால் சென்னை லினக்ஸ் பயனர் குழு, காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு போன்றவற்றில் கேளுங்கள்.

6. கோப்பை இணைக்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்

இதைத் தனித் தலைப்பில் எழுதக் காரணம் இருக்கிறது. என் இரண்டாவது அறிக்கையோடு வாடிக்கையாளர் ஒருவரின் கோப்பையே இணைத்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் உறவினர்களின் கைப்பேசி எண்கள் வரிசையாக இருந்தன. மறுநாள் காலையில்தான் நினைவுக்கு வந்தது. நிர்வாகிகளுக்கு எழுதி நீக்கச் சொன்னேன், உடனே நீக்கினார்கள். ஆனாலும் அந்த ஒரு நாளில் அதை யார் இறக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் என்னை நம்பிக் கொடுத்த கோப்பு அது.

இணைக்கும் கோப்பு உலகம் முழுவதற்கும் தெரியும். ஆகவே வேலைக் கோப்பை வெட்டிச் சுருக்காதீர்கள். புதிய கோப்பைத் திறந்து, நீங்களே நான்கு வரி எழுதி, அதில் வழுவை வரவழைக்க முயலுங்கள். முடியவில்லை, மூலக் கோப்பில்தான் வருகிறது என்றால் நகல் எடுத்துப் பெயர், எண், முகவரி எல்லாவற்றையும் 'அஅஅ', '000' என்று மாற்றுங்கள். தலைப்பகுதி, அடிக்குறிப்பு, பக்கவாட்டுக் குறிப்புகள், பதிவான மாற்றங்கள், கோப்பின் பண்புகளில் உள்ள ஆசிரியர் பெயர் ஆகியவற்றையும் பாருங்கள். கண்ணில் படாமல் ஒளிந்திருப்பவை இவைதாம். திரைப் படத்திலும் கீழ்ப்பட்டை, திறந்திருக்கும் மற்ற கோப்புகளின் பெயர்கள் தெரியாமல் வெட்டுங்கள்.

7. காத்திருக்கும் காலம்

உங்கள் அறிக்கை முதலில் 'அன்கன்ஃபர்ம்டு' (உறுதிசெய்யப்படாதது) நிலையில் இருக்கும். வேறொருவர் தன் கணினியில் வழுவைப் பார்த்த பிறகு 'நியூ' என்று மாற்றுவார். நீங்களே அப்படி மாற்றிக்கொள்ளக் கூடாது. ஒரு நாளில் நடக்கலாம், பல மாதங்களும் ஆகலாம். தமிழுக்குச் சோதிப்பவர்கள் குறைவு என்பதால் மாதங்களையே எதிர்பாருங்கள்.

'நீட்இன்ஃபோ' (கூடுதல் தகவல் தேவை) என்று மாறினால் பந்து உங்கள் பக்கம். கேட்டதற்குப் பதில் எழுதி, நிலையை மறுபடி 'அன்கன்ஃபர்ம்டு' என்று நீங்களே மாற்ற வேண்டும். பதில் மட்டும் எழுதிவிட்டு நிலையை மாற்றாமல் விட்டால் அறிக்கை அந்த வரிசையிலேயே கிடக்கும். சில மாதங்கள் பதிலில்லை என்றால் மூடப்படும். என் முதல் கடிதத்துக்கு நேர்ந்தது இதுதான். கேள்வி புரியாவிட்டால் "புரியவில்லை, எளிமையாகச் சொல்லுங்கள்" என்றாவது எழுதுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

உறுதியான பின்பும் திருத்தம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வருடங்கள் கிடக்கும் அறிக்கைகள் உண்டு. "என்ன ஆயிற்று?" என்று வாரந்தோறும் கேட்காதீர்கள். ஒவ்வொரு பெரிய பதிப்பும் வந்தவுடன் மறுபடி சோதித்து, "இந்தப் பதிப்பிலும் இருக்கிறது" என்று ஒரு வரி எழுதுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பெரிய பதிப்புகள் வருகின்றன. அப்படியானால் வருடத்துக்கு இரண்டு வரிகள். அந்த வரிகள் அறிக்கையை உயிரோடு வைத்திருக்கும்.

8. அடுத்தவர் அறிக்கையைச் சோதியுங்கள்

என்னைக் கேட்டால் புதியவர்கள் தொடங்க வேண்டிய இடமே இதுதான். உறுதிசெய்யப்படாத அறிக்கை ஒன்றைத் திறந்து, அதில் சொன்னபடி செய்து பாருங்கள். வழு வந்தால் உங்கள் பதிப்பு விவரத்தோடு "எனக்கும் வருகிறது" என்று எழுதுங்கள், வராவிட்டால் வரவில்லை என்று எழுதுங்கள். இரண்டும் பயனுள்ளவை. தமிழோடு நிற்க வேண்டியதில்லை. கால்க்கில் கூட்டல் வரவில்லை, படம் இடம் மாறுகிறது என்பவற்றுக்கு மொழி தேவையில்லை. ஓர் அறிக்கைக்குக் கால் மணி நேரம். இப்படிப் பத்து அறிக்கைகளைச் சோதித்தால், நல்ல அறிக்கை எது, மோசமானது எது என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

9. தமிழாக்கம்

வெப்லேட்டில் கணக்குத் தொடங்கித் தமிழைத் தேர்ந்தெடுத்தால் மொழிபெயர்க்க வேண்டிய தொடர்கள் வரிசையாக வரும். புதியவர்களால் பெரும்பாலும் பரிந்துரைக்க மட்டுமே முடியும். அனுமதி பெற்றவர் பார்த்து ஏற்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸுக்கான 'பொன்டூன்' தளத்திலும் இதே முறைதான்.

முதல் நாளே இருநூறு தொடர்களை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுக் கொட்டாதீர்கள். அதைப் படித்துக் கழிப்பவரும் நம்மைப்போலச் சம்பளமில்லாமல் வேலை செய்பவர்தான். இருபது முப்பது பரிந்துரைகள் கொடுங்கள், அவை ஏற்கப்படும் விதத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டு தொடருங்கள்.

சிக்கலான இடங்கள் சில:

தொடரின் நடுவே % அல்லது $ குறியோடு சில துண்டுகள் வரும். அந்த இடத்தில் கோப்பின் பெயரோ எண்ணோ பின்னால் வந்து உட்காரும். அவற்றை மொழிபெயர்க்கவும் கூடாது, ஓர் எழுத்தைக்கூட மாற்றவும் கூடாது. ஆனால் இடம் மாற்றலாம், மாற்றியே ஆக வேண்டும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருமே! வேற்றுமை உருபை அந்தத் துண்டோடு நேராக ஒட்டாதீர்கள். '%1ஐ நீக்கவா?' என்று எழுதினால், அங்கே 'பட்டியல்' வந்தால் 'பட்டியல்ஐ' என்று திரையில் நிற்கும். '%1 என்ற கோப்பை நீக்கவா?' என்று எழுதுங்கள். எந்தப் பெயர் வந்தாலும் புணர்ச்சி கெடாது. தமிழாக்கத்தில் நான் கற்றவற்றுள் மிகவும் பயன்பட்டது இதுதான்.

மெனுச் சொற்களில் ஓர் எழுத்துக்கு முன் அடிக்கோடோ அலைக்குறியோ இருக்கும். அது விசைப்பலகைக் குறுக்குவழிக்கானது. தமிழ்ச் சொல்லை எழுதிவிட்டு, அதன்பின் அடைப்புக்குறிக்குள் அந்தக் குறியையும் ஆங்கில எழுத்தையும் வைக்கும் வழக்கம் உண்டு. ஏற்கெனவே உள்ள தொடர்களில் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்து அப்படியே செய்யுங்கள்.

'சேமி' என்பதா, 'சேமிக்கவும்' என்பதா? 'பதிவிறக்கு' என்பதா, 'தரவிறக்கு' என்பதா? சென்னையில் ஒன்று பழக்கம், யாழ்ப்பாணத்தில் இன்னொன்று. என் விருப்பம் குறுகிய ஏவல் வடிவம்தான், பொத்தானில் இடம் போதாது என்பதால். ஆனால் என் விருப்பத்தைவிட ஒருமைப்பாடு முக்கியம். ஒரே மெனுவில் ஒரு சொல் ஒருவிதமாகவும் இன்னொரு சொல் வேறுவிதமாகவும் இருந்தால் பயன்படுத்துபவர் குழம்புவார். கலைச்சொல் பட்டியல் தளத்திலேயே இருக்கும். மாற்ற வேண்டும் என்று தோன்றினால் முதலில் குழுவில் கேளுங்கள். தானாக மாற்றிக்கொண்டு போனால் சண்டைதான் வரும்.

ஆங்கிலத் தொடர் எந்தத் திரையில் வருகிறது என்று தெரியாமல் மொழிபெயர்க்காதீர்கள். 'கீ' என்பது விசையா, திறவுகோலா என்பது இடத்தைப் பொறுத்தது. மென்பொருளைத் திறந்து அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு எழுதுங்கள். ஐந்து நிமிடம் அதிகமாகும், ஆகட்டும்.

நேரம்: மணிக்கு இருபது முப்பது தொடர்கள் நிதானமாக முடிக்கலாம். வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்பே தொடர்கள் இறுதியாகிவிடும். பிப்ரவரிப் பதிப்பில் உங்கள் வேலை வர வேண்டுமானால் டிசம்பரிலேயே முடித்துக்கொடுப்பது நல்லது. பரிந்துரைகள் வாரக்கணக்கில் யாரும் பார்க்காமல் கிடந்தால் மொழிபெயர்ப்பாளர்களின் மடற்குழுவில் (மின்னஞ்சல் வழிக் குழு) பணிவாகக் கேளுங்கள். ஏற்பவர் வேலையில் மூழ்கியிருக்கலாம், அல்லது விலகியிருக்கலாம். தொடர்ந்து ஒழுங்காகச் செய்பவருக்கு அந்த அனுமதியையே கொடுப்பதும் உண்டு.

10. எழுத நேரமில்லை என்றால் குரல்

மொசில்லாவின் 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் தமிழும் இருக்கிறது. திரையில் வரும் வாக்கியத்தைப் படித்துப் பதியலாம், அல்லது மற்றவர் படித்ததைக் கேட்டுச் சரியா என்று சொல்லலாம். ஒரு பதிவு ஏற்கப்பட இருவர் சரி என்று சொல்ல வேண்டும். கைப்பேசியும் அமைதியான அறையும் போதும். வீட்டில் பெரியவர்களைப் படிக்கவையுங்கள். நெல்லை, கொங்கு, மதுரை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று எல்லா வாயும் வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். பதிவுகள் சிசி0 உரிமத்தில் வெளியாகின்றன. யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், வெளியான பிறகு இறக்கியவர்களிடமிருந்து திரும்பப் பெற முடியாது. வீட்டில் மற்றவரைப் பேசவைக்கும்போது இதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். புதிய வாக்கியங்கள் சேர்ப்பதானால் செய்தித்தாளிலிருந்தோ கதையிலிருந்தோ எடுக்காதீர்கள், சொந்தமாக எழுதுங்கள்.

11. செலவு

பணமாக ஒன்றுமில்லை. இணையச் செலவும் நேரமும் மட்டுமே. முதல் அறிக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், ஐந்தாவதற்கு அரை மணி. பங்களிப்பாளர் சான்றிதழ் என்றோ பயிற்சிக் கட்டணம் என்றோ யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன எந்த வேலைக்கும் கட்டணம் கிடையாது.

விரும்பி நன்கொடை கொடுப்பதானால் திட்டத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் கொடுங்கள். இந்திய வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிமாற்றத்தை முதலில் நீங்களே இயக்கிவிட வேண்டியிருக்கும். வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணமும் பிடிக்கக்கூடும். வெளிநாட்டு அறக்கட்டளைக்குக் கொடுப்பதற்கு இங்கே 80ஜி வரிச்சலுகை கிடையாது.

12. திருத்தம் வந்ததும்

ஒருநாள் மின்னஞ்சல் வரும், நிலை 'ரிசால்வ்டு ஃபிக்ஸ்டு' என்று மாறியிருக்கும். எனக்கு அது முதன்முதலாக வந்தபோது கடையை அரை மணி நேரம் முன்னதாகவே சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

ஆனால் வேலை அத்தோடு முடியவில்லை. திருத்தம் உங்கள் கணினிக்கு உடனே வராது. அறிக்கையின் மேற்பகுதியில் எந்தப் பதிப்பில் வரும் என்று 'டார்கெட்' என்ற சொல்லுக்குப் பின் எண் போட்டிருப்பார்கள். அதுவரை காத்திருக்காமல் அன்றைய சோதனைப் பதிப்பை இறக்குங்கள். முதலில் அனுப்பிய அதே கோப்பைத் திறந்து, அதே மூன்று படிகளைச் செய்து பாருங்கள். சரியாகிவிட்டதா? திருத்தியவருக்கு ஒரு வரி நன்றி எழுதி, நிலையை 'வெரிஃபைடு' என்று மாற்றுங்கள். எந்தப் பதிப்பில், எந்த இயங்குதளத்தில், எந்த எழுத்துருவில் சோதித்தீர்கள் என்பதை அங்கேயும் குறிப்பிடுங்கள்.